திருமதி ஜெயமாலா எழுதிய ஒரே ஒரு ‘தெரியவில்லை’

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா ராதாகிருஷ்ணன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நம் நிறுவனத்தின் இயக்குநர் திரு. முத்துக்கருப்பன் அவர்களே, துணைவியை இழந்து நிற்கும் பெரியவர் கிருபானந்தன் அவர்களே, தாயை இழந்த அன்பு மகள் சிந்துஜா அவர்களே, பண்டமாரானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை இந்த வெள்ளிக்கிழமை நெரிசலில் வந்து சேர்ந்திருக்கும் என் பட்டறைத் தோழர்களே, லோரி ஓட்டுநர்களே, உங்கள் எல்லாருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் வேலாயுதம். பண்டமாரான் லோரி நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பட்டறை போர்மன். தெரிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை; என்னிடம் திட்டு வாங்காதவர் அந்த நிலையத்தில் ஒருவரும் கிடையாது. இவனுக்கு மைக் எதற்கு என்று பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நம் ஜெயமாலா மேடமும் இதைத்தான் சொல்லிச் சிரிப்பார்.

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஐயா, மன்னிக்க வேண்டும், கூடவே ஆகும். மேடத்தை நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு இறங்கிப் போக என்னால் முடியாது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால், ஆயுத பூஜை அன்று, நம் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லோங்காங்கில் கறுப்பு எண்ணெய் நின்றதே, நினைவிருக்கிறதா? அந்தப் பெரிய சாக்கடையில் அவ்வளவு எண்ணெய் எப்படி வந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. இன்று சொல்லியாக வேண்டும். சொன்னால் என் வேலை போகலாம். ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. உங்கள் முன்னால் என் மானமும் போகலாம். அதைச் சொல்வதற்குத் தைரியம் வரவேண்டும் என்றுதான் முதலில் அவரைப் பற்றிப் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த ஜெயமாலா கிருபானந்தன்? பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை, மஞ்சள் தலைக்கவசம், நெற்றியில் சின்னதாகச் சந்தனம், காலில் அளவுக்கு மீறிய பெரிய பூட்ஸ், இப்படி ஓர் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். பாதுகாப்பு, சுற்றுச்சூழல் அதிகாரி என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவருக்கு முன்னால் இரண்டு அதிகாரிகள் வந்து போயிருந்தார்கள். இரண்டு பேரும் என்ன செய்தார்கள்? சுவரில் பச்சை இலை போட்ட தாளை ஒட்டினார்கள். ‘பூமியைக் காப்போம்’ என்று மூன்று மொழியில் எழுதினார்கள். நாங்கள் அந்தத் தாளின்மேல் ஆணி அடித்துச் சட்டை மாட்டிக்கொண்டோம். இந்த அம்மாவும் ஒட்டட்டும், சட்டை மாட்ட இன்னொரு ஆணி ஆயிற்று என்றுதான் நினைத்தேன்.

அவர் எதையும் ஒட்டவில்லை. வாசலில் போய் நின்றார். எங்கள் வாசலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துறைமுகத்திலிருந்து வரும் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். அத்தனை லோரியிலும் எஞ்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். புகை கக்கிக்கொண்டே இருக்கும். எஞ்ஜினை அணையுங்கள் என்று அறிவிப்பு இருந்தது, எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. யாராவது அணைத்தார்களா? ஒருவரும் இல்லை! ஓட்டுநர்களுக்குத் திமிர், ஏர்கோன் போட்டுத் தூங்குகிறார்கள் என்று மேலிடத்தில் பேசிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் பேசினேன்.

மேடம் என்ன செய்தார்? நம் பக்கிரிசாமி, இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், இவர் லோரியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். பக்கிரிசாமி பயந்துபோய்விட்டார்.

“மேடம், நீங்க ஆபிஸ்ல உக்காருங்க மேடம். இங்க வெக்கை தாங்காது.”

“நீங்கள் தாங்கிறீங்கள்தானே? எஞ்ஜினை ஏன் நிப்பாட்ட ஏலாது? சொல்லுங்கோ.”

“சொன்னா யாரு மேடம் கேக்குறா?”

“நான் கேக்கத்தானே ஏறி இருக்கிறன். சொல்லுங்கோ.”

பக்கிரிசாமி சொல்லவில்லை. செய்து காட்டினார். எஞ்ஜினை அணைத்தார். அரை மணி நேரம் கழித்து வரிசை நகர்ந்தது. இவர் சாவியைத் திருப்பினார். எஞ்ஜின் ஓடியது, லோரி நகரவில்லை. ஏன்? பழைய லோரி, பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாயில் கசிவு. எஞ்ஜினை அணைத்தால் காற்று இறங்கிவிடும். மறுபடி காற்று ஏறி பிரேக் விடுபடப் பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் பின்னால் நின்ற நாலு லோரி முன்னால் போய்விட்டது. இவருடைய முறை போனது. முறை போனால் அன்றைக்கு ஒரு நடை போனது. நடை கணக்கில் பிழைக்கிற மனிதன் எஞ்ஜினை அணைப்பானா? நீங்கள் அணைப்பீர்களா?

எத்தனை ஆண்டுகளாக அந்த வாசலில் அந்தப் புகை! ஏனென்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லையே! இருபது அடி தள்ளிப் பட்டறையில் நின்ற எனக்கே தோன்றவில்லை. அடுத்த வாரமே வாசலில் எண் அட்டை வந்துவிட்டது. வந்தவுடன் அட்டையை வாங்கிக்கொள்ளலாம், எஞ்ஜினை அணைத்துவிட்டு கூரைக்கடியில் காற்றாடியின் கீழ் உட்காரலாம், எண்ணைக் கூப்பிடும்போது பத்து நிமிடம் தாமதமானாலும் அந்த முறை அவருக்குத்தான். நான் நக்கலடித்தேன். “இது என்னா கிளினிக்கா மேடம், நம்பர் போட்டு ஊசி போடப் போறீங்களா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “ஊசி உங்களுக்குத்தான் வேலாயுதம். அந்தக் காத்துக் கசிவெல்லாம் ஆர் திருத்துறது?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் பட்டறையைக் குறை சொல்ல இவர் யார் என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் ஒவ்வொரு லோரியாகச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். நாற்பது லோரியில் பதினேழில் கசிவு. பதினேழு! குற்றம் ஓட்டுநர் மேல் இருந்ததா, என் மேல் இருந்ததா? ஒரு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் சரி பண்ணினேன். அதன்பிறகு எங்கள் வாசலில் புகை நின்றது. பக்கத்து வீடுகளில் வெளியே துணி காயப்போட ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சொல்லுங்கோ மேடம்’. எல்லாரும் அவர் மாதிரியே பேசிக் காட்டுவார்கள். அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார். சிந்துஜா, உங்கள் அம்மா மாதிரிப் பேசுவதில் எங்கள் நிலையத்தில் ஒரு போட்டியே நடக்கும். ஒரு தடவை அம்மாவே நடுவராக வந்து உட்கார்ந்தார்.

எல்லாவற்றிலும் அவர் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். செத்துப்போனவர் என்பதற்காக இல்லாததைச் சொன்னால் அவருக்கே பிடிக்காது. மத்தியானச் சாப்பாட்டைப் போலிஸ்டைரின் பெட்டியில் பொட்டலமாகப் புங்குஸ் கட்டிக்கொண்டு வராதீர்கள் என்று ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கு வாங்கிக் கொடுத்தார். நாங்கள் என்ன செய்தோம்? நாசி லெமாக்கைப் பெட்டியில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தூக்கில் போல்ட்டும் நட்டும் போட்டு வைத்தோம். ஒருநாள் என் அலமாரியைத் திறந்து பார்த்தார். அளவு வாரியாக அடுக்கியிருந்த பதினாறு தூக்கு. “இவ்வளவு ஒழுங்கா வேற ஆரும் அடுக்கேலாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த விஷயத்தில் அவர் தோற்றார். இன்றுவரை தோல்விதான். நம்மைத்தான் சொல்கிறேன்.

சரி. இனியும் வளர்த்தால் தைரியம் போய்விடும். அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

நம் நிலையத்தில் ஆயுத பூஜை என்றால் எப்படி இருக்கும் என்று கோலாலம்பூர்க்காரர்களுக்குத் தெரியாது. முதல் நாளே பட்டறையை ஒழித்துக் கழுவி விடவேண்டும். லோரிகளைக் குளிப்பாட்டவேண்டும். ஸ்பேனர், ஜேக், கம்பிரசர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வாசலில் வாழை மரம். இருநூறு பேருக்குச் சாப்பாடு. மேடம் அந்த வருடம் முன்கூட்டியே என்னிடம் வந்து கேட்டார். லோரிகளை வெளியே வைத்துக் கழுவ வேண்டாம், எண்ணெய் பிடிக்கும் தொட்டி இருக்கும் இடத்தில் மூன்று நாளாகப் பிரித்துக் கழுவலாமா என்று கேட்டார். நான் எகிறினேன். “சாமி காரியத்துல கை வைக்காதீங்க மேடம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கறவங்களுக்கு எங்க பூஜையெல்லாம் வெளங்காது” என்று சொல்லிவிட்டேன். இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிருபானந்தன் ஐயா, உங்கள் மனைவியை நான் அப்படிப் பேசினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “பூஜையை நான் குறைக்கச் சொல்லேல்லை வேலாயுதம். தண்ணி எங்கை போகுதெண்டு மட்டும் பாருங்கோ” என்றார். நான் பார்க்கவில்லை.

பூஜைக்கு முதல் நாள் பின்மதியம். பையன்களெல்லாம் வாழை மரம் வெட்டப் போய்விட்டார்கள். பட்டறையில் நான் மட்டும். சாமி படம் வைக்க வேண்டிய மூலையில் பழைய எஞ்ஜின் எண்ணெய்ப் பீப்பாய்கள் நின்றன. அந்த எண்ணெயை ஏற்றிப்போக உரிமம் பெற்ற லோரி வரவேண்டும். அடுத்த வாரம்தான் வரமுடியும் என்று போன் பண்ணியிருந்தார்கள். மற்றப் பீப்பாய்களையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டேன். இரண்டு பீப்பாய் அடி துருப்பிடித்து நகர்த்த முடியவில்லை. தூக்கினால் அடி கழன்றுவிடும். சாமி வைக்கிற இடம், அழுக்கு எண்ணெய் நிற்கலாமா என்று ஒரே பரபரப்பு எனக்கு. வானம் வேறு கறுத்திருந்தது. மழை வரும், இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன்.

ஆமாம். நான்தான். அந்த இரண்டு பீப்பாயையும் திறந்தது நான்தான். எண்ணெயைத் தரையில் விட்டு, தண்ணீர்க் குழாயைப் பிடித்து, லோங்காங்குக்குத் தள்ளியது நான்தான். பிறகு அந்த இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அங்கேயே சாமி படத்தை வைத்தேன்.

சத்தம் வேண்டாம், உட்காருங்கள். பக்கிரிசாமி, கொஞ்சம் உட்காருப்பா. முழுதும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் கேள்.

மழை வரவில்லை. அது மட்டுமா? பண்டமாரான் பள்ளமான இடம். கடல் ஏறும்போது லோங்காங்கின் மதகை மூடிவிடுவார்கள். அன்றைக்குக் கடல் ஏற்றம். எண்ணெய் ஆற்றுக்குப் போகாமல் அப்படியே திரும்பி, பின்னால் இருக்கும் வீடுகள் வரைக்கும் வந்து நின்றது. பக்கிரிசாமி வீட்டுப் பின்புறம் அவர் மனைவி தங்கமணி கங்கோங் கீரை போட்டிருந்தாரே, அந்தப் பாத்தி முழுக்கக் கறுப்பு. வீட்டுக்குள் அடுப்பு மூட்ட முடியாத வாடை. இதையெல்லாம் நான் மறுநாள் காலையில்தான் பார்த்தேன்.

மறுநாள் மேடம் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தட்டில் பூவும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு வந்தார். காரிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றார். தட்டை மதுமிதா கையில் கொடுத்துவிட்டு, அலுவலகத்தில் வேலை செய்கிற நம் மதுமிதாதான், பின்பக்கம் நடந்து போனார். அப்போது இருந்த மேலாளர் ஓடி வந்தார். அவர் இப்போது நம்மோடு இல்லை, பெயர் வேண்டாம். “மேடம், பூஜை நாளும் அதுவுமா வேணாம் மேடம். மழை பேஞ்சா போயிடும். தீபாவளிக்கு மூணு வாரந்தான் இருக்கு, நிலையத்த மூடிட்டா இவனுங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும்” என்றார். மேடம் பட்டறைக்குள் வந்தார். பூஜை முடியும்வரை நின்றார். கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். திருநீறு பூசிக்கொண்டார். பிறகு எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் நின்று, சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தானே போன் போட்டார்.

தான் வேலை பார்க்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்தார் என்று சொன்னோமே, நினைவிருக்கிறதா? ஒன்பது நாள் நிலையம் மூடிக்கிடந்தது. தீபாவளி நேரத்தில் ஒன்பது நாள் நடை இல்லை. அவரை என்னென்ன பேசினோம்! அவர் காரின் நாலு டயரிலும் காற்றை இறக்கினீர்களே, இறக்கியவர்கள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். அந்தக் காற்றை மறுபடி நிரப்பியது யார் தெரியுமா? நான்தான். நல்லவன் என்பதால் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு, நிற்க முடியவில்லை. அவர் அதற்கு நன்றி வேறு சொன்னார். அந்த நன்றியைக் கேட்டு அன்று இரண்டு வேளை நான் சாப்பிடவில்லை.

சிந்துஜா, உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பெட்டாலிங் ஜெயா தலைமை அலுவலகத்தில் ஐந்து நிலையங்களுக்கும் சேர்த்து ஒரு பெரிய பதவி அம்மாவுக்கென்று முடிவாகியிருந்தது. அந்த ஒரு போனுக்குப் பிறகு அது வேறொருவருக்குப் போனது. இயக்குநர் ஐயா தலையாட்டுகிறார், அவருக்குத் தெரியும். உங்கள் அம்மா அதற்கப்புறம் பதினோரு ஆண்டு எங்கள் தூசியிலேயே கிடந்தார். என்னால்.

மூடியிருந்த அந்த ஒன்பது நாளும் மேடம் வந்தார். முதல் நாள் தனியாக லோங்காங்கில் இறங்கினார். முட்டிவரை பூட்ஸ், கையில் ஒரு வாளி, ஒரு மூட்டை மரத்தூள். எண்ணெய்மேல் மரத்தூளைத் தூவி அள்ளி அள்ளி வாளியில் நிரப்பினார். இரண்டாம் நாள் தங்கமணி அக்கா வீட்டிலிருந்து ஒரு சட்டியோடு இறங்கினார். மூன்றாம் நாள் பக்கிரிசாமி. நாலாம் நாள் பத்துப் பதினைந்து பேர், யாரும் கூப்பிடாமலே ஊர்கூடி வேலை செய்யும் ஒரு கோத்தோங் ரோயோங் மாதிரி ஆகிவிட்டது. நான் எப்போது போனேன்? ஐந்தாம் நாள். லோங்காங் ஓரத்தில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “கையுறை அந்தப் பெட்டிக்குள்ளை இருக்கு வேலாயுதம். உங்கட கை பெரிசு, அடியிலை பாருங்கோ” என்றார்.

நான்தான் செய்தேன் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா? பதினோரு ஆண்டாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்கத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். பீப்பாய்களுக்குக் கூரை வந்தது, சுற்றிலும் கட்டைச் சுவர் வந்தது. எண்ணெய் ஏற்றும் லோரி பூஜைக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடவேண்டும் என்று நாட்காட்டியில் குறித்தார். லோரிகளை மூன்று நாளாகப் பிரித்துத் தொட்டி இருக்கும் இடத்தில் கழுவுகிறோம். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை ஆண்டில் ஒரு சொட்டு எண்ணெய் வெளியே போகவில்லை. பூச்சோங்கிலிருந்து, ஜொகூரிலிருந்தெல்லாம் வந்து நம் பட்டறையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஷா ஆலாமில் ஒரு விருது கொடுத்தார்களே, சுத்தமான பட்டறை என்று. அதற்கு என் பெயரை எழுதி அனுப்பியது யார்? மேடம். நான் மேடையேறிக் கோப்பையை வாங்கினேன். கீழே உட்கார்ந்து அவர் கைதட்டினார். அந்தக் கோப்பை என் வீட்டில் டிவிக்கு மேலே இருக்கிறது. நான் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

இதையெல்லாம் இன்று ஏன் சொல்கிறேன்? போன வாரம் அவருடைய அறையை ஒழிக்கச் சொன்னார்கள். கோப்புகளைத் தூக்கிக் கட்டி வைத்தேன். கட்டும்போது படித்தேன். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட எழுத்து! பதினான்கு ஆண்டில் நடந்த ஒவ்வொரு சின்னக் கசிவுக்கும் ஒரு படிவம். எந்தக் குழாய், எந்த நட், யார் முடுக்கியது, அவர் ஏன் சரியாக முடுக்கவில்லை. ‘கொடுத்த ஸ்பேனர் அளவு தவறு’, ‘பன்னிரண்டு மணி நேரம் ஓய்வில்லாமல் வேலை செய்தவர்’, ‘மொழி புரியவில்லை, புதியவர்’. ஒருவர் பெயரையும் அவர் விட்டதில்லை. பெயர் எழுதப்பட்டவர்களில் ஒருவரும் தண்டனை வாங்கியதில்லை. பெயருக்குப் பக்கத்திலேயே அவருக்கு என்ன தேவை என்றும் எழுதியிருக்கிறார். செய்தவரைக் கண்டுபிடித்தால்தான் அவருக்கு உதவ முடியும் என்பது அந்த அம்மாவின் வேலை முறை.

அந்தக் கோப்பில் பதினோரு ஆண்டுக்கு முந்தைய படிவமும் இருந்தது. மலாயில் எழுதியிருக்கிறது. செய்தவர் பெயர் என்ற கட்டத்தில் அவர் கையெழுத்தில், தமிழில் சொன்னால், ‘தெரியவில்லை’. அத்தனை நூறு படிவங்களில் ஒரே ஒரு ‘தெரியவில்லை’. ஒன்றையும் மறைத்து எழுதத் தெரியாத மனுஷி! அவர் கையால் அந்த வார்த்தையை எழுத வைத்தவன் நான். பட்டறையில் இருபத்து மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். என்னைக் கடைசியாகக் கேட்டார்.

“வேலாயுதம், அந்த ரெண்டு பீப்பாயையும் ஆர் திறந்தது? சொல்லுங்கோ.”

“தெரியல மேடம். லோரி ரிவர்ஸ் எடுக்கறப்ப இடிச்சிருக்கும்.”

“வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?”

“ஆமா மேடம். எனக்கென்ன தெரியும்?”

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை. எனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரமும் கொடுத்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகுதான் குனிந்து எழுதினார்.

தோழர்களே, இது போன்ற கூட்டங்களில் மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று எல்லாரும் சொல்வது வழக்கம். என்ன பணியைத் தொடரப்போகிறோம்? கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, தொட்டி இருக்கிறது. அதெல்லாம் நாம் இல்லாவிட்டாலும் நிற்கும். தப்பு நடந்தால் நடந்தது என்று வந்து சொல்வது, அதுதான் நம்மிடம் வராமல் இருக்கிறது. ஏன் வரவில்லை? எனக்குப் பயந்து! நான் கத்துவேன் என்று என் பையன்கள் எத்தனை கசிவைத் துணி போட்டு மூடியிருப்பார்கள்! எனக்கே தெரியும், ஏனென்றால் நானே மூடியவன்தானே.

அதனால் இன்று, மேடத்தின் படத்துக்கு முன்னால், நான் உறுதி சொல்கிறேன். என் பட்டறையில் யார் எண்ணெய் கொட்டினாலும், யார் குழாயை உடைத்தாலும், நேராக என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் கத்த மாட்டேன். கஷ்டம்தான், சிரிக்காதீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டாவது கத்தாமல் இருப்பேன். வாளியை எடுத்துக்கொண்டு உங்களோடு இறங்குவேன். இயக்குநர் ஐயா என்னை வேலையிலிருந்து நிறுத்தினாலும் சரி, வருகிற மாதம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அந்தப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் நான் வந்து நிற்பேன். வாசலுக்கு வெளியே நின்றாவது பார்த்துக்கொள்வேன். இதைச் சேர்ந்து செய்யச் சம்மதம் உள்ளவர்கள் எழுந்து நில்லுங்கள். எனக்காக வேண்டாம். அந்த அம்மாவுக்காக.

நன்றி. பக்கிரிசாமி, நீயும் எழுந்து நிற்கிறாயே அப்பா. உன் வீட்டு அடுப்பை அணைத்தவன் நான். தங்கமணி அக்காவிடம் நானே வந்து சொல்கிறேன்.

கிருபானந்தன் ஐயா, நீங்கள் கையைக் கூப்பாதீர்கள். நான்தான் கூப்ப வேண்டும்.

இயக்குநர் அவர்களே, அந்தப் படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். உத்தரவு கேட்காமல் எடுத்தது தப்புதான், அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். இதோ உங்கள் மேசைமேல் வைக்கிறேன். அந்தக் கட்டத்தில் இருப்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதி, நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். அவருடைய கோப்பில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது.

மேடம், அன்றைக்கு நீங்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள். வடிவாக யோசித்துச் சொல்லச் சொன்னீர்கள். பதினோரு வருடம் ஆகிவிட்டது மேடம், மன்னிக்க வேண்டும். ரெண்டு பீப்பாயையும் நான்தான் திறந்தேன்.